ஜெபக் குறிப்பாக வைத்த வியாபாரம்

போன வாரம் கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்டாய். "அப்பா, என் ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு பிசினஸ் சொல்றா. நாம எதையும் விக்க வேண்டாமாம். ஆளைச் சேத்துவிட்டாப் போதுமாம். சேரட்டுமா?"

நான் "அச்சா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை, மகளே. பதில் கொஞ்சம் நீளம். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. பாதியில் அம்மா திருத்துவாள், தம்பி சிரிப்பான், நான் கோபித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு ரயிலேறி டெல்லிக்கு வந்து ஆபீஸ் தபால் பிரிவில் கவர் ஒட்டுகிறவன் எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், தம்பிக்கு அதுவும் வராது. நீ வாசித்து அவனுக்குச் சொல். மெதுவாக வாசிப்பதும் நல்லதுதான். இந்த விஷயத்தில் சட்டென்று முடிவெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளில் இருந்தபோது நடந்தது இது. அம்மா இப்போது மாதிரியே அப்போதும் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் ராத்திரி டூட்டி. காலையில் அவள் வந்து பல் துலக்கி, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, ரஜாய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தால் நம் வீட்டில் வேறு சட்டம் அமலுக்கு வந்துவிடும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது, அதனால் சமையல் அவள் வருமுன்னேயே முடிந்துவிட வேண்டும். ஆபீஸுக்குக் கிளம்பும்போது நான் காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செருப்புப் போடுவேன். ஆர்.கே.புரத்தில் நம் பிளாக் வாசலுக்கு வரும்போது மட்டும் காய்கறி விற்கும் சப்ஜிக்காரப் பையா குரலைத் தணித்துக்கொள்வார். "சிஸ்டர்ஜி சோ ரஹி ஹை", சிஸ்டர் தூங்குகிறார் என்று பழைய பேப்பர்காரரையும் அதட்டுவார். இத்தனை ஏற்பாட்டிலும் ஒன்றை மட்டும் அணைக்க முடியாது. அது அம்மாவின் போன். ஸ்கூலிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று அதைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். நீ ஒருதரம் ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டதிலிருந்து அப்படி.

இதைச் சொல்லாமல் அந்த வியாபாரத்தைச் சொல்ல முடியாது.

நமக்கெல்லாம் உடன்குடி அண்ணன் என்று ஒருவர் உண்டு, இப்போதும் இருக்கிறார். லோதி ரோட்டில் ஒரு ஆபீஸில் கிளார்க். ஊருக்குப் போய்விட்டு வந்தால் பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பங்கு வைப்பார். அந்த வருஷம் அவர் ஊரிலிருந்து வந்த மறுநாள் நம் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டி இல்லை. பளபளப்பான ஒரு பை. உள்ளே ஒரு டப்பா சத்து மாவு, ஒரு பாட்டில் தரை துடைக்கிற திரவம், வழவழப்பான தாளில் அச்சடித்த படங்கள்.

"தம்பி, ஒரு மூடி ஊத்துனா ஒரு வாளி. மணத்திப் பாரு."

முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. நல்லா இருக்கு அண்ணே என்றேன்.

"இதை விக்கணும்னு நெனைக்காதே. விக்க வேண்டாம். நீ ஆறு பேருக்குச் சொல்லணும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேருக்குச் சொல்லுவாங்க. நீ சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். நாம தூங்கும்போதும் வருமானம் வரும்டே."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்துவிட்டது. நம் வீட்டில் தூங்கும்போது யாருக்கும் வருமானம் வந்ததில்லை. தூங்காமல் இருந்ததற்குத்தான் சம்பளம். அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். டீயை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உன் வீட்டுக்காரி இன்னும் எத்தனை வருஷம் இப்படி ராத்திரி ராத்திரியா நிக்கப் போறா?"

அவரே தாளைப் பிரித்துப் பதில் சொன்னார். மேலே ஒரு வட்டம், அதற்குக் கீழே இரண்டு பக்கமும் வட்டங்கள். வலது பக்கத்துக்குப் பெயர் ரைட் லெக், இடது பக்கத்துக்கு லெஃப்ட் லெக். இரண்டு காலும் சமமாக வளர வேண்டுமாம். மேலே இருக்கிற வட்டத்தைப் பேனாவால் தட்டி, "இது நீ" என்றார். என்னை யாரும் அதுவரை எதற்கும் மேலே வரைந்து காட்டியதில்லை.

கிளம்பும்போது அந்தச் சத்து மாவு டப்பாவை நம் அலமாரியில் வைத்துவிட்டுப் போனவர், ஞாயிற்றுக்கிழமை நம் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் துவாரகா பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அம்மாவிடம் அண்ணனோடு ஒரு வேலையாகப் போகிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை. மண்டபத்தில் ஏசி, பாட்டு, கோட்டுப் போட்ட ஆட்கள். எல்லாரும் எல்லாரையும் சார் என்று கூப்பிட்டார்கள். தபால் பிரிவில் நான் பார்க்காத அதிசயம் அது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில்கூட "சார், ஆப் பெஹலே" என்று வழிவிட்டார்கள்.

மேடையில் பேசியவர் டயமண்ட். பெயரல்ல, பதவி. வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். காரின் படம் காட்டினார், அதற்கும் கைதட்டினார்கள். பிறகு மைக்கோடு இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் "ஆப்கா சப்னா க்யா ஹை?" என்று கேட்டார். உன் கனவு என்ன என்று. ஒருவர் பங்களா என்றார், ஒருவர் சிங்கப்பூர் என்றார். என்னிடம் வந்தபோது எனக்குத் தெரிந்த இந்தியில், என் மனைவி ராத்திரியில் வீட்டில் தூங்க வேண்டும் என்றேன். டயமண்ட் என் தோளைத் தட்டி, "பையா, படா சோச்சோ" என்றார். பெரிதாக யோசிக்க வேண்டுமாம். இதைவிடப் பெரிதாக என்ன யோசிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெளியே வரும்போது மேஜையில் ஒரு பெண் என் நம்பரை எழுதிக்கொண்டு, இன்னொரு நம்பரும் வேண்டும் என்றாள். ஆபீஸில் போன் பேசினால் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அதனால் நான் பகலில் எடுக்கமாட்டேன், இந்த நம்பரில் எடுப்பார்கள் என்று அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். பொறுப்பாகத்தான் கொடுத்தேன்.

அன்று மெட்ரோவில் வரும்போதே சேரலாமா வேண்டாமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். சேர்ந்தால் என்ன நல்லது? முதல் நல்லது அம்மா. அதற்குப் பிறகு வருகிற நல்லதெல்லாம் சில்லறைதான், இருந்தாலும் யோசித்தேன். தரை துடைக்க எப்படியும் ஏதாவது வாங்கத்தான் போகிறோம். நாலு பேர் முன்னால் பேச வரும். ஆபீஸில் டீ வாங்கிவரச் சொல்கிற ஆட்கள் ஒருநாள் என்னைச் சார் என்று சொல்லலாம். கெட்டது என்ன? எனக்கு இங்கிலீஷ் வராது. கோட்டு இல்லை. அப்புறம், உடன்குடி அண்ணனையே கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். முன்பெல்லாம் வந்தால் கிரிக்கெட் பேசுவார், ஊர்த் தேர்தல் பேசுவார், தம்பியைத் தூக்கி விட்டத்தைத் தொட வைப்பார். இப்போது எதை ஆரம்பித்தாலும் கடைசியில் கம்பெனியில் வந்து நின்றது. தம்பிக்குக் காய்ச்சல் என்றேன். சத்து மாவு என்றார். தரை வழுக்குகிறது என்றேன். ஒரு மூடி என்றார். இதைக் கெட்டதில் சேர்ப்பதா, ஊக்கம் என்று நல்லதில் சேர்ப்பதா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆறு பேர் என்பது கேட்கச் சின்ன எண்ணிக்கை. தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஆபீஸில் எல்லாரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் இன்சூரன்ஸ் விற்றுக் களைத்துப்போனவர்கள். அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் நல்லவர்கள், ஆனால் என் இந்தியைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள், டயமண்டாக முடியாது. மிஞ்சியது நம் கோயில் ஆட்கள்தான். அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினேன். வலது பக்கம் ஆண்கள், ரைட் லெக். இடது பக்கம் பெண்கள், லெஃப்ட் லெக். பெண்கள்தான் அதிகம், லெஃப்ட் லெக் வலுவாக இருந்தது. இடது பக்கம் முன் வரிசையில் பாளையங்கோட்டை அக்கா உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு முன்னாலேயே டெல்லிக்கு வந்த நர்ஸ். தம்பி பிறந்தபோது, நமக்கு இங்கே வேறு யாரும் இல்லாததால், டூட்டி முடிந்த கையோடு தூக்குப்பாத்திரத்தில் ரசம் கொண்டுவந்து அம்மாவுக்கு ஊட்டியவர். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, இவரை மேலே போடுவதா, கீழே போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் என்ன என்று மதியம் நீ கேட்டாய். உழைப்பைப் பற்றி என்று சொல்லிவைத்தேன்.

இவ்வளவு யோசித்தவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்கக் கூடாது என்பதுதான் என் திட்டம். சேர்ந்து, நாலு காசு வரத் தொடங்கி, ஒருநாள் சாயங்காலம் அவள் யூனிபார்ம் இஸ்திரி போடும்போது, "அதை மடிச்சு வை, நாளையிலேருந்து ராத்திரி டூட்டி கிடையாது" என்று சொல்ல வேண்டும். அந்த வசனத்தை பஸ்ஸில் நான் பல மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருதரம் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நாட்களில் அம்மா மிகவும் வாடிப்போயிருந்தாள். சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். உன் ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். நீ வீட்டுக்கு வந்து அழுதாய். ஷேர் ஆட்டோவில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டி முனீர்க்காவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில். பாவம், ராத்திரி டூட்டி இவளைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு இரக்கம் வந்ததோ அவ்வளவு கம்பெனிப் பக்கம் சாய்ந்தேன். அண்ணனும் விடவில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள சேந்துரு. அப்பதான் எனக்கும், அதாவது உனக்கும், நல்லது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நம் வீட்டில். அம்மாவுக்கு அன்று லீவு. உனக்கு நினைவிருக்கும், முன் அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாய் விரிப்போம். உடன்குடி அண்ணன், அவர் மனைவியான மதினி, பாளையங்கோட்டை அக்கா, குர்காவ்னில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அந்தத் தம்பி, நாம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். ஒருவர் குறிப்பைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதைப்பற்றிப் பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பாயில் உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி ஒவ்வொருவராக அதற்காக வாய்விட்டு ஜெபம் செய்யலாம், அவ்வளவுதான். வம்பு வளரக் கூடாது என்று யாரோ நல்லவர்கள் முன்பே செய்துவைத்த ஏற்பாடு.

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாகத் தோன்றியது. யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், கடவுளிடமே கேட்டுவிடலாம், நாலு பேர் சேர்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வரும். என் முறை வந்தபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஒரு புதுத் தொழில்ல சேர அழைப்பு வந்திருக்கு. ஆள் சேர்க்கிற தொழில். சேரலாமா வேண்டாமான்னு தெரியலை. வீட்டுக்காரி ராத்திரி டூட்டியை விடணும்னு ஆசை. தேவ சித்தம் தெரியணும்."

அம்மா சட்டென்று தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் பேசக் கூடாதே. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

முதலில் உடன்குடி அண்ணன். "ஆண்டவரே, தம்பியின் கண்களைத் திறந்தருளும். கைக்கு எட்டுகிற தூரத்தில் வாய்ப்பை வைத்திருக்கிறீர், அதை அவர் காணட்டும். தாமதிக்கிற சிந்தையை இந்த வீட்டை விட்டு அகற்றும். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு நல்ல தீர்மானம் எடுக்க உதவி செய்யும்."

"ஆமென்" என்றோம்.

அடுத்து பாளையங்கோட்டை அக்கா. "அன்பின் பிதாவே, இந்தத் தம்பி எதில் சேர்ந்தாலும் ஆராய்ந்து சேரட்டும். கம்பெனிகள் அநேகம் உண்டு. கெமிக்கலில் செய்கிறவர்களும் உண்டு, சுத்த மூலிகையில் செய்கிறவர்களும் உண்டு. எது எப்படிப்பட்டது என்று நீர் அறிவீர். சரியான ஆள் மூலமாக இவர் சேர வழிகாட்டும்."

இதற்கு உடன்குடி அண்ணனின் ஆமென் கொஞ்சம் மெலிந்து வந்தது. எனக்கு ஒரு கண் தானாகத் திறந்துகொண்டது. அக்காவின் பக்கத்தில் அவருடைய கைப்பை. அதன் வாய் வழியாக ஒரு பச்சை நிறப் பற்பசை எட்டிப் பார்த்தது.

மூன்றாவதாக குர்காவ்ன் தம்பி. அவர் தமிழ் அவர் தலைமுறைத் தமிழ். "லார்ட், அங்கிளை பிளெஸ் பண்ணும். பாட்டிலைத் தூக்கிட்டு வீடு வீடா அலையற காலம் முடிஞ்சு போச்சுன்னு அவருக்கு வெளிப்படுத்தும். இப்ப எல்லாமே ஆப்லயே பண்ணலாம். அங்கிள் அந்த ஆப்ஷனையும் கன்சிடர் பண்ண கிருபை தாரும்."

ஆமென் சொல்ல யாருக்கும் உடனே நா எழவில்லை. நீ பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாய். பிள்ளை உருகி அழுகிறாள் என்று மதினி உன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர்தான் அடுத்தது. அந்த மதினி கூட்டத்தில் எப்போதும் மெல்லிய குரலில் இரண்டு வரி சொல்லி முடிப்பவர். அன்றும் மெல்லிய குரல்தான்.

"ஆண்டவரே, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்னென்ன பெட்டி இருக்குன்னு நீர் அறிவீர். பீரோவுக்கு மேல இருக்கறதும் அறிவீர். இந்தத் தம்பி வீட்டுக் கட்டிலையாவது காப்பாத்தும். ஆமென்."

அண்ணன் இருமினார். நீளமாக இருமினார்.

கடைசியாக அம்மா. கண்ணை மூடி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக ஆரம்பித்தாள். வார்டில் புது நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்.

"ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்த வீட்டில இப்படி ஒரு தொழில் விஷயம் இருக்குன்னு, இன்னைக்கு எல்லாரோடயும் சேத்து எனக்கும் தெரியப்படுத்தினீரே, அதுக்கு ஸ்தோத்திரம். என் ராத்திரி டூட்டிக்காக இத்தனை பேர் பாரப்படுதாங்க. எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. பரவாயில்லை. ஆண்டவரே, கொஞ்ச நாளா தினமும் நான் கண்ணசந்த நேரமாப் பாத்து ஒரு பொண்ணு போன் பண்ணுது. 'மேடம், ஆப்கா சப்னா க்யா ஹை'ன்னு கேக்குது. ஸ்கூல்ல இருந்துதான்னு நான் பதறி எந்திரிக்கேன். அப்புறம் தூக்கம் வர மாட்டேங்கு. அந்தப் பொண்ணுகிட்ட என் நம்பரைக் கொடுத்தது யாருன்னு நீர் முன்னமே அறிவீர். நான் இப்பதான் அறிஞ்சேன். எனக்குச் சப்னாவும் வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம். பகல்ல தூங்கவிடும், போதும். ஆமென்."

அந்த ஆமெனை எல்லாரும் சத்தமாகச் சொன்னோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக.

கண்ணைத் திறந்த பிறகும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாளையங்கோட்டை அக்காதான் முதலில் சிரித்தார். "ஆமென் சொல்லியாச்சுல்லா, இனிமேப் பேசலாம். அண்ணே, உங்க ஆறு பேர்ல நான் உண்டா?"

"மொத ஆளே நீங்கதான்" என்றார் உடன்குடி அண்ணன், பாயைப் பார்த்துக்கொண்டு.

"அய்யோ, எனக்கு மொத ஆள் நீங்கல்லா!"

"எனக்கு நீங்க ரெண்டு பேருமேதான் ஆன்ட்டி" என்றார் குர்காவ்ன் தம்பி.

"நல்லாருக்கு" என்றார் மதினி. "எல்லாரும் எல்லாருக்கும் மேல. அப்ப வாங்குத ஆள் யாரு?"

"டெல்லியில ஆளா இல்லை?" என்று அண்ணன் கொஞ்சம் கோபித்தார்.

"டெல்லியில ஆள் இருக்கு. நமக்குத் தெரிஞ்ச ஆள் இந்தப் பாய்லதான் இருக்கு" என்றார் மதினி.

நான் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் உட்கார்ந்து போட்ட கணக்கை மதினி ஒரு பாயில் முடித்துவிட்டார். நான் மேலே வட்டத்தில் உட்கார்ந்து கீழே ஒவ்வொருவரையாக வரைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவர்களெல்லாம் அவரவர் தாளில் என்னைக் கீழே வரைந்துவைத்திருந்தார்கள்.

அம்மா எழுந்து போய் வடைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். என் பக்கம் மட்டும் தட்டு வரவே இல்லை. உடன்குடி அண்ணன் பேச்சை மாற்றக் கிடைத்தது என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்தார். "வடை பஞ்சு மாதிரி இருக்கே. உளுந்து எந்தக் கடையில வாங்குன?"

"பாதிதான் உளுந்து அண்ணே. பாதி நீங்க குடுத்த சத்து மாவு. அலமாரியில எதுக்கு இருக்குன்னு தெரியலை, கெட்டுப்போறதுக்குள்ள போட்டுட்டேன்."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். "அது ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிடணும்."

"அப்ப நீங்க இந்த மாசத்துக்குச் சாப்பிட்டாச்சு" என்றாள் அம்மா.

அன்று அண்ணனும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் அந்தக் கம்பெனியிலிருந்து எப்போது விலகினார் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, விலகினேன் என்று யாரும் அறிவிப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குப் போயின. கொஞ்ச காலம் நம் கோயில் தரையைப்போல டெல்லியில் வேறெங்கும் எலுமிச்சை வாசம் அடித்திருக்காது. அடுத்த லீவில் அவர் ஊருக்குப் போய்வந்தபோது கருப்பட்டி வந்தது, கூடவே எந்தத் தாளும் வரவில்லை. அக்காவின் மூலிகைப் பற்பசையை நாம் ஒரு டியூப் வாங்கினோம். கசக்கிறது என்று நீங்கள் இருவரும் அழுதீர்கள். ரசம் ஊட்டியவருக்காக நான் மட்டும் கடைசிவரை துலக்கி முடித்தேன். அந்தப் போன் பெண்ணை நான் ஆபீஸுக்கு வெளியே நின்று கூப்பிட்டு, இனி அந்த நம்பருக்கு அடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி சார் என்றாள். நீயும் சேர்ந்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை சார், நான் சம்பளத்துக்கு என்றாள். எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனியால் நிம்மதியாக வருமானம் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை வெயில் வந்ததும் மொட்டை மாடியில் அம்மா தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உனக்கு ராத்திரி டூட்டியை விடணுமா, வேண்டாமா?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள். "முட்டி வலிக்கத்தான் செய்யுது. ஆனா பகல்ல டாக்டர், மேட்ரன், பாக்க வருதவங்க, எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ராத்திரி வார்டு என் கையில இருக்கும். எந்தக் கட்டில்ல யாரு முழிச்சுக் கெடக்காங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். விடணும்னு தோணுத அன்னைக்கு நானே சொல்லுவேன். அதுவரைக்கும் நீங்க அந்தப் பெல் சுவிட்சை அணைச்சுட்டுப் போங்க, போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதையும் போன புதன்கிழமை மறந்துட்டுப் போயிட்டீங்க."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அந்த வசனத்தைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை. அம்மா இன்னும் ராத்திரி டூட்டிக்குத்தான் போகிறாள். விடுகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை.

மகளே, சேர்வதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு என்று நான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் யாருக்காகச் சேர்கிறோமோ அவர்களைக் கேட்காமல் போட்ட கணக்கில் நல்லது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். நீ யாருக்காகச் சேர நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் ஒருநாள் அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவளிடம் நீ ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன்.

உன் சிநேகிதி வருகிற சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுக்கே வந்து விளக்குகிறேன் என்றாளாமே. வரட்டும், நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள். பெல் அடிக்காது, கதவையும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவை. நீ கீழே போய் நின்று கூட்டிவா. பால்கனியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், படம் வரைந்து காட்டினால் பார்த்துக்கொள். அம்மா தானாக எழுந்து வந்த பிறகு அவளிடம் முழுதும் சொல்லுங்கள். நான் உளுந்து ஊறப்போட்டு வைக்கிறேன்.